ஐரோப்பியச் சட்டம் படித்தால் பிழைக்கலாமா? – கேள்வி பதில்

நெதர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் பொருளாதார ஆளுகையும் (உறுப்பு நாடுகளின் பட்ஜெட்டையும் கடனையும் ஒன்றியம் கண்காணிக்கும் முறை) பாடம் எடுக்கிறேன். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

மேடம், ஐரோப்பியச் சட்டம் என்று தனியாக என்ன இருக்கிறது? சர்வதேசச் சட்டத்தில் ஒரு பகுதிதானே?

1963 வரை அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். வான் கென்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம் ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனப் பொருளை இறக்குமதி செய்தது. சுங்கவரி 3 சதவீதத்திலிருந்து 8 ஆனதும் வழக்குக்குப் போனது. நாடுகள் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டித் தனியாரும் நேரடியாக உரிமை கேட்கலாம் என்றது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம். மறு வருடம் இத்தாலிக்காரர் கோஸ்டாவின் வழக்கு. மின்துறையை அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்து அவர் கட்ட மறுத்த பில் 1,925 லிரா. உள்நாட்டுச் சட்டம் முரண்பட்டால் ஐரோப்பியச் சட்டமே மேல் என்ற தீர்ப்பு அந்தச் சில்லறைக் காசில் பிறந்தது. முதல் வகுப்பில் பலகையில் நான் எழுதுவது அந்தத் தொகையைத்தான். நம்ம ஊராக இருந்தால் அதற்குள் பீஸைப் பிடுங்கியிருப்பார்கள்!

அக்கா, நான் பி.எல். முடித்தவன். கணக்கு வராது. பொருளாதார ஆளுகை எனக்கு ஒத்துவருமா?

வரும் தம்பி. முதலில் இரண்டு எண்கள் போதும்: பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 3 சதவீதம், கடன் 60 சதவீதம். ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்டிரிக்ட் ஒப்பந்தக் காலத்திலிருந்து இதுதான் வரம்பு. மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் மீறின. உறுப்பு நாடுகளின் நிதியமைச்சர்கள் நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட, 2004இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அபராதம்? யாரும் கட்டவில்லை. 2016இல் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் முறைப்படி நடவடிக்கை நடந்து, கடைசியில் விதித்த தொகை பூஜ்யம்.

ஆராய்ச்சிக்குத் தீர்ப்பை எப்படிப் படிப்பது? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

பிரிங்கிள் வழக்கு, 2012. நெருக்கடியில் சிக்கிய யூரோ நாடுகளுக்கு 500 பில்லியன் யூரோ வரை கடன் தர ஒரு நிதியம் உருவானது. ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாடு ஏற்கக்கூடாது என்கிறது ஒன்றிய ஒப்பந்தத்தின் 125ஆவது பிரிவு. அப்படியிருக்க இது எப்படிச் செல்லும் என்று கேட்டுப் போனார் அயர்லாந்து எம்.பி. ஒருவர். 27 நீதிபதிகளும் உட்கார்ந்தார்கள்.

நீதிமன்றம் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். மச்சான் பட்ட கடனை நீங்கள் தலையில் போட்டுக்கொள்வது ஒன்று. மச்சானுக்கு வட்டியோடு, கறாரான நிபந்தனையோடு புதுக்கடன் கொடுத்து, பழைய கடனுக்கு அவனே பொறுப்பு என்று விடுவது வேறு. பிரிவு தடுப்பது முதலாவதைத்தான். எந்தச் சொல்லில் அந்தக் கோடு விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். என் வகுப்பில் ஒரு பெண், "கடைசியில் பணம் அதே பழைய கடன்காரர் கைக்குத்தானே போகிறது?" என்றாள். எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. மார்க் மட்டும் தாராளமாகப் போட்டேன்.

பி.எச்டி., வேலை, சம்பளம் எல்லாம் எப்படி?

இங்கே பி.எச்டி. பெரும்பாலும் சம்பள வேலை, நான்கு வருடம். ஃப்ளோரன்ஸில் உள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்துக்கு உதவித்தொகையோடு போகலாம். பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரின் ஐரோப்பியக் கல்லூரி தருவது ஒரு வருட முதுகலை; ஆராய்ச்சியைவிட பிரசல்ஸில் உள்ள ஒன்றிய அலுவலக வேலைக்குத்தான் அது பொருத்தம். ஜெர்மனியில் பேராசிரியர் ஆக ஹபிலிட்டேஷன் என்ற இரண்டாவது பெரிய ஆய்வை இன்னமும் எதிர்பார்க்கிறார்கள்.

கஷ்டம் பி.எச்டி.க்குப் பிறகுதான். ஆறு வருடத்தில் மூன்று ஊர் மாறினேன். ஓரிடத்தில் ஒப்பந்தம் நீளும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு ஜூலையில் காசில்லை என்றார்கள். பெட்டி கட்டும்போது புத்தகங்களை எடைக்குப் போட மனசு வரவில்லை. எழுத்தில் இல்லாததை நம்பாதீர்கள். சட்டம் படித்த எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.

பிரெஞ்சு கட்டாயமா?

பாடம் எடுக்க ஆங்கிலம் போதும். ஆனால் லக்சம்பர்க் நீதிபதிகள் தங்களுக்குள் விவாதிப்பதும் தீர்ப்பை வரைவதும் பிரெஞ்சில். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கோணலாகத் தெரிந்தால் பிரெஞ்சுப் பிரதியைத் திறப்பேன்; பாதி நேரம் அங்கே விடை இருக்கும்.

இப்போது ஆய்வுக்கு நல்ல தலைப்பு?

2024இல் வந்த புதிய நிதி விதிகள். ஒவ்வொரு நாடும் நான்கு அல்லது ஐந்து வருடச் செலவுத் திட்டம் தர வேண்டும். சீர்திருத்தம் செய்வதாக ஒத்துக்கொண்டால் கடனைச் சரிசெய்யும் காலத்தை நான்கிலிருந்து ஏழு வருடம் வரை நீட்டலாம். அந்தச் சலுகையை எந்த அளவுக்கு நீதிமன்றம் கேள்வி கேட்க முடியும்? ஏதாவது ஒரு நாட்டின் திட்டத்தை எடுத்து முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.