1992-க்கு முன்பும் கோல்கள் விழுந்தன

கேள்வி: இங்கிலாந்தின் முதல்நிலை கால்பந்து லீகில் எல்லாக் காலத்துக்கும் அதிக கோல் அடித்தவர் 260 கோல் அடித்த ஆலன் ஷியரர்தானே? நீங்கள் ஜிம்மி கிரீவ்ஸை அவருக்கு மேலே வைத்து எழுதியிருந்தீர்கள். 1966 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இடம்கூடக் கிடைக்காத ஒருவர் எப்படி ஷியரருக்கு மேல்?

பதில்: ஷியரர் இல்லை, கிரீவ்ஸ்தான். நீங்கள் சொல்லும் 260, பிரீமியர் லீக் கணக்கு. அது தொடங்கியது 1992-ல். அங்கே லீக் ஆட்டம் நடப்பதோ 1888 முதல். தொலைக்காட்சிப் பணத்தைத் தாங்களே பங்கிட்டுக்கொள்ள அதுவரை முதல்நிலை லீகாக இருந்த முதல் டிவிஷனின் கிளப்புகள் தனியாகப் பிரிந்து புதுப் பெயர் வைத்துக்கொண்டன. அவ்வளவுதான் நடந்தது. அதற்காக அதற்கு முந்தைய நூறு ஆண்டுக் கோல்களை அழித்துவிட முடியுமா? உங்கள் கணக்கு ஷியரருக்கே அநியாயம் செய்கிறது. சவுத்தாம்ப்டன் அணியில் இளைஞனாக அவர் முதல் டிவிஷனில் அடித்த 23 கோல்களை அது சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் அவருக்கு 559 ஆட்டங்களில் 283. கிரீவ்ஸுக்கு 516 ஆட்டங்களில் 357. இருவருக்கும் நடுவில் ஸ்டீவ் புளூமர், டிக்சி டீன் போன்றவர்களும் இருக்கிறார்கள். எல்லா டிவிஷன்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்தர் ரௌலி 434 என்று நிற்கிறார், ஆனால் அதில் பெரும்பகுதி கீழ் டிவிஷன்களில் அடித்தது.

கிரீவ்ஸ் 17 வயதில் செல்சி அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார், அதிலேயே கோல். 1960-61 சீசனில் மட்டும் லீகில் 41 கோல். செல்சியில் இன்றுவரை அதைத் தாண்டியவர் இல்லை. இத்தாலியின் மிலன் அணிக்குப் போனார், அந்தக் கட்டுப்பாடும் வாழ்க்கையும் பிடிக்கவில்லை. சில மாதங்களிலேயே டாட்டன்ஹாம் மேலாளர் பில் நிக்கல்சன் அவரைத் திரும்ப அழைத்து வந்தார். கொடுத்த விலை 99,999 பவுண்டு! 'ஒரு லட்சம் பவுண்டு வீரர்' என்ற சுமை பையன் தலையில் ஏற வேண்டாம் என்று ஒரு பவுண்டைக் குறைத்தார். வந்த கையோடு பிளாக்பூலுக்கு எதிராக ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். முதல் டிவிஷனில் ஆறு சீசன்கள் அவர்தான் அதிக கோல் அடித்தவர். இதெல்லாம் சேறும் சகதியுமான மைதானங்களில், காலை முறிக்கிற டேக்கிள்களை நடுவர்கள் கண்டுகொள்ளாத காலத்தில்.

சரி, 1966. இதைச் சொல்லியே ஒரு மனிதரின் மொத்த ஆட்டத்தையும் மறைத்துவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அந்த உலகக் கோப்பையில் முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் இருந்தார், கோல் அடிக்கவில்லை, அது உண்மை. பிரான்ஸ் ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே கிழிந்து 14 தையல் போட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்தார். ஜெயித்த அணியை இங்கிலாந்து மேலாளர் ஆல்ஃப் ராம்சே கலைக்கவில்லை. இறுதிப்போட்டியில் ஹர்ஸ்ட் ஹாட்ரிக் அடித்தார். ராம்சே செய்ததில் தவறு இல்லை, கிரீவ்ஸ் செய்ததிலும் இல்லை. அப்போது ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்கும் வழக்கமும் கிடையாது. களத்தில் நின்ற 11 பேருக்கு மட்டுமே பதக்கம். கிரீவ்ஸ் உள்ளிட்ட மற்றவர்களுக்கு அது 2009-ல்தான் வந்தது.

அத்தோடு அவர் முடிந்துபோனார் என்றும் எழுதுகிறார்கள். தேசிய அணியில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். 1967-க்குப் பிறகு அவருக்கு அங்கே ஆட்டம் இல்லை. அதற்குள் 57 ஆட்டங்களில் 44 கோல், ஆறு ஹாட்ரிக். லீகிலோ 1968-69-ல் 27 கோலோடு மீண்டும் முதலிடம், நான் சொன்ன ஆறில் கடைசியானது அது. அந்த இறுதிப்போட்டி ஏக்கத்தில்தான் குடிக்குள் விழுந்தார் என்ற கதையை அவரே மறுத்திருக்கிறார். 1978-ல் குடியை விட்டார், திரும்பத் தொடவில்லை. அப்புறம் இன்னொரு முன்னாள் வீரரான இயன் செயின்ட் ஜானோடு சேர்ந்து தொலைக்காட்சியில் ஒரு தலைமுறைக்குக் கால்பந்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

ஷியரர் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. பிளாக்பர்னுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், நியூகாசிலில் பத்து வருடம் நின்று ஆடியவர், 35 வயதுவரை கோல் அடித்தவர். கிரீவ்ஸோ 31 வயதிலேயே லீக் ஆட்டத்தை விட்டுவிட்டார், 357-ஐ அதற்குள் முடித்துவிட்டு. எங்கள் வரிசையை மாற்றப் போவதில்லை.