பாராட்டும் ஒரு ட்யூதான்: ஆங்கிலத்தில் பாராட்டி எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

ஆண்டறிக்கை, விழா மலர், ஆபீஸ் சர்க்குலர் என்று இருபது வருஷமாக ஆங்கிலப் புரூஃப் திருத்திச் சாப்பிடுகிறவள் நான். ஆங்கிலத்தில் ஒருவரைப் பாராட்டி எழுதும்போது வரும் சந்தேகங்களைக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்.

டீமைப் பாராட்டி மெயில் போட்டேன். 'கிரெடிட் வேர் கிரெடிட் இஸ்' வரைக்கும் சரி, கடைசி வார்த்தையை டி, ஓ என்று எழுதிவிட்டேன். மேனேஜர் சிரித்தார். அது என்ன வார்த்தை மேடம்?

"வண்டிக்கு இந்த மாச ட்யூ கட்டியாச்சா?" என்று வீட்டில் கேட்பார்களே, அதே ட்யூ. டி, யு, இ. கட்ட வேண்டிய பாக்கி. லத்தீனில் 'கடன்பட்டிரு' என்று பொருள்படும் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நமக்கு இது புதுசே இல்லை. கடன் என்ற ஒரே சொல்லை வாங்கிய பணத்துக்கும் வைத்திருக்கிறோம், செய்ய வேண்டிய கடமைக்கும் வைத்திருக்கிறோம். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று வரியில் இருப்பது அந்தக் கடமைதான். நன்றிக்கடன் என்றும் சொல்கிறோம். 1611-இல் அச்சான ஆங்கில பைபிளிலும், ரோமருக்கு எழுதிய நிருபத்தில், வரி செலுத்த வேண்டியவருக்கு வரி, கனம் செய்ய வேண்டியவருக்குக் கனம் என்று இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பாராட்டும் பாக்கிக் கணக்கில்தான் வருகிறது.

'கிரெடிட் வேர் கிரெடிட் இஸ் ட்யூ', 'கிரெடிட் வேர் இட் இஸ் ட்யூ' இரண்டுமே சரி. ஆனால் ஸ்பெல்லிங்கைவிடப் பெரிய சிக்கல் இதன் தொனி. பெரும்பாலும் முன்னால் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் இந்தத் தொடருக்கு வருவார்கள். "மனுஷனோடு எனக்கு ஒத்துப்போகாதுதான், ஆனாலும் இந்த வேலையை அவர் பிரமாதமாகச் செய்தார்" என்கிற இடம் இதற்கு. குறையே சொல்லாமல் இதை மட்டும் எழுதினால், படிக்கிறவர் 'அப்படியென்றால் மற்றதில் என்ன குறை?' என்று யோசிப்பார். மனசார டீமைப் பாராட்ட இது தோதான தொடர் இல்லை.

அப்படியானால் 'கிவ் த டெவில் ஹிஸ் ட்யூ'? எங்கள் இயக்குநரின் பிரிவு உபசார உரையில் போடலாம் என்றிருந்தேன்.

போட்டுவிடாதீர்கள் சார்! பிசாசாகவே இருந்தாலும் அதற்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடு என்று அர்த்தம். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்திலேயே இது வருகிறது, அங்கேயும் கேலியாகத்தான். எதிரியைப் பற்றிப் பேசும்போது அழகாக இருக்கும்.

'கூடோஸ் ஆர் ட்யூ' என்று எழுதலாமா? ஒருவருக்கு மட்டும் சொன்னால் 'கூடோ'வா?

கடைசியில் எஸ் இருப்பதால் பன்மை என்று நினைக்கிறோம். அது கிரேக்கச் சொல், புகழ் என்று பொருள், ஒருமை. ஆகவே 'கூடோஸ் இஸ் ட்யூ'. அமெரிக்காவில் பன்மையாகவும் எழுதுகிறார்கள், 'கூடோ' என்றுகூட ஒன்றை உருவாக்கிவிட்டார்கள். என் மேஜைக்கு வந்தால் வெட்டிவிடுவேன். பிரிட்டிஷ் உச்சரிப்பு 'க்யூடோஸ்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்களின் கொச்சையாகப் புழங்கிய சொல் என்பதால் இன்னும் கொஞ்சம் விளையாட்டுத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக ஊழியருக்குச் சொல்லுங்கள். உங்கள் எம்.டி.க்குச் சொன்னால் அவர் முதுகில் நீங்கள் தட்டிக்கொடுப்பது போல இருக்கும்.

கிரெடிட்டுக்குப் பின்னால் 'டு' வருமா, 'வித்' வருமா, 'ஃபார்' வருமா? ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

சம்பள நாளில் பேங்க்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் உங்கள் அக்கவுண்ட்டுக்கு 'கிரெடிட்டட் டு'. போய்ச் சேருகிற இடம் 'டு'. அதே மாதிரி, செயல் முதலில் வந்து ஆள் பின்னால் வந்தால் 'டு'. ஆள் முதலில் வந்தால் 'வித்': டிம் பெர்னர்ஸ்-லீ 'இஸ் கிரெடிட்டட் வித் இன்வென்டிங்' வேர்ல்ட் வைட் வெப். கிரெடிட் பெயர்ச்சொல்லாக நின்றால் 'ஃபார்': 'ஷீ டிசர்வ்ஸ் கிரெடிட் ஃபார் த டிசைன்'.

ஒன்று கவனியுங்கள். 'கிரெடிட்டட் வித்' என்பதில் 'என்று சொல்கிறார்கள்' என்ற சாயல் இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் கம்ப்யூட்டர் கோடு எழுதியதை நீங்களே பார்த்தீர்கள் என்றால், 'ஷீ ரோட் இட்' என்று எழுதிவிட்டுப் போங்கள். எதற்கு வதந்தி மாதிரி?

'கங்கிராஜுலேஷன் ஃபார் யுவர் ப்ரமோஷன்' சரியா அக்கா?

எஸ் விட்டுப்போச்சு, 'ஃபார்' இருக்கும் இடத்தில் 'ஆன்' வர வேண்டும். 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் ப்ரமோஷன்'. தேங்க்ஸுக்குத்தான் 'ஃபார்'.

விருது வாங்கிய நண்பருக்கு 'யூ காட் யுவர் ஜஸ்ட் டெசர்ட்ஸ்' என்று வாழ்த்து அனுப்பினேன். பதிலே இல்லை.

இந்த வார்த்தையால் நானே சூடு பட்டிருக்கிறேன். ஒரு கல்லூரிப் பேராசிரியரின் ஓய்வு மலர். முப்பது வருஷ உழைப்புக்குப் பின் அவருக்கு 'ஜஸ்ட் டெசர்ட்ஸ்' கிடைத்தது என்று மாணவர் ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் நடுவில் இரண்டு எஸ் போட்டு. எனக்கு அந்த எஸ் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஒன்றை எடுத்துவிட்டுச் 'சரி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அச்சாகி வந்தபோதுதான் உறைத்தது. இரண்டு எஸ் இருந்தவரை அவருக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது என்று அர்த்தம், வெறும் சிரிப்போடு போயிருக்கும். நான் திருத்தியபின் 'செய்த வினைக்குத் தண்டனை கிடைத்தது' என்று ஆகிவிட்டது. 'டிசர்வ்' குடும்பத்துச் சொல்தான், தகுதிக்கேற்றது என்பதுதான் நேர்ப்பொருள். ஆனால் புழக்கத்தில் கெட்டதற்கே வருகிறது. நண்பருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

'வெல் டிசர்வ்ட்' நடுவில் கோடு உண்டா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் உண்டு, வாக்கியத்தின் கடைசியில் வந்தால் வேண்டாம்.

எங்கள் சங்க விழா அழைப்பிதழில் 'ஃபெலிசிட்டேஷன்' என்று போட்டோம். வெளிநாட்டு விருந்தினர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தப்பான வார்த்தையா?

தப்பில்லை, நம்ம ஊர் வார்த்தை ஆகிவிட்டது. லண்டனில் 'ஃபெலிசிடேட்' என்றால் வெறும் வாழ்த்து, அதையும் இப்போது யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நமக்கோ அது மேடை, பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு, நாலு பேர் பேச்சு எல்லாம் சேர்ந்தது. உள்ளூர் அழைப்பிதழில் அப்படியே இருக்கட்டும், வெளிநாட்டுக்குப் போகும் காகிதத்தில் 'ஹானர்' என்று மாற்றுங்கள். நன்றியுரையை 'வோட் ஆஃப் தேங்க்ஸ்' என்கிறோமே, அது அங்கேயும் புரியும். 'ப்ரபோஸ்' என்ற வினை அதனோடு சேரும்.

பிஎச்.டி. ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் எழுதுகிறேன். லேபில் ஒரு சீனியர் அக்காதான் பாதி அளவீடுகளை எடுத்துத் தந்தார். 'வேல்யுவபிள் சப்போர்ட்' என்று போட்டால் போதுமா?

போதாது. 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. வடிவத்தை வெளியிட்ட கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வாக்கியம் இருக்கிறது. வில்கின்ஸ், ஃபிராங்க்ளின், அவர்களின் சகாக்கள் ஆகியோருடைய வெளிவராத முடிவுகளின், கருத்துகளின் 'ஜெனரல் நேச்சர்' பற்றிய அறிவு எங்களைத் தூண்டியது என்கிறது அது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயர் இருக்கிறது, ஸ்பெல்லிங்கும் சரி, இலக்கணமும் சரி. ஆனால் அவர் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தை, அவருக்குத் தெரியாமல், வாட்சன் பார்த்திருந்தார். 'பொதுவான தன்மை' என்ற ஒரு சொல் அந்தப் படத்தை மூடிவிட்டது. 1958-இல் ஃபிராங்க்ளின் 37 வயதில் இறந்துபோனார். 1962-இல் நோபல் பரிசு மற்ற மூவருக்கு வந்தது.

'வேல்யுவபிள் சப்போர்ட்' என்பதும் அந்த மாதிரி மூடிதான் அம்மா. டீ வாங்கித் தந்தவருக்கும் அது பொருந்தும். 'ஐ தேங்க்' என்று தொடங்கி, அக்காவின் முழுப்பெயர், 'ஃபார்', பிறகு எந்த அத்தியாயத்துக்கு எந்த அளவீடு என்று எழுதுங்கள். பாதி அளவீடு அவருடையது என்றால், கட்டுரையாக வரும்போது ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் வர வேண்டாமா என்று கைடிடம் கேளுங்கள். தலைப்பு 'அக்னாலெட்ஜ்மென்ட்ஸ்': ஜி-க்குப் பின் இ போட்டால் பிரிட்டிஷ், போடாவிட்டால் அமெரிக்கன்.

நான் செய்த ரிப்போர்ட்டை டீம் லீடர் தன் பெயரில் அனுப்பிவிட்டார். சண்டை போடாமல் எப்படிச் சொல்வது?

அதே மெயிலுக்கு ரிப்ளை ஆல் போட்டு, அனுப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டு, 'ஹேப்பி டு டேக் கொஸ்டின்ஸ் ஆன் த டேட்டா, விச் ஐ புட் டுகெதர்'. 'ஐ' என்ற ஒரு எழுத்து போதும். 'மைசெல்ஃப்' வேண்டாம், 'ஒன்லி' வேண்டாம்.

மகள் நாலாம் வகுப்பு. கணக்கு டீச்சருக்கு நன்றி அட்டையில் ஒரு நல்ல ஆங்கிலத் தொடர் சொல்லுங்கள். 'ஹேட்ஸ் ஆஃப் டு யூ' எழுதலாமா?

எழுதலாம், தப்பில்லை. ஆனால் டீச்சர் மேஜையில் அதே தொடரோடு இன்னும் பத்து அட்டை இருக்கும். டீச்சர் என்ன செய்தார் என்று மகளிடமே கேளுங்களேன்.

(அதே பெற்றோர், மறுநாள்) கேட்டேன் மேடம். அவளே எழுதிவிட்டாள்: 'யூ கட் அ ரியல் தோசை டு டீச் அஸ் ஃப்ராக்‌ஷன்ஸ். ஐ காட் ஒன் எய்த்.' திருத்தித் தாருங்கள்.

'எய்த்' ஸ்பெல்லிங்கில் ஜி விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இ, ஐ, ஜி, எச், டி, எச்.