தற்காலிக சைக்கிள் பாதை: கூட்டத்தில் என்ன கேட்பது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. அவர்கள் தெருவில் மூன்று மாதத்துக்குச் சைக்கிள் பாதை போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது, குடியிருப்போர் சங்கம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமனார் கூடவே கூடாது என்கிறார், இவரோ தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன பேசுவது?

உங்கள் மாமனார் பயப்படுவது சைக்கிளுக்கு இல்லை, பார்க்கிங் போய்விடுமே என்றுதான். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஒரு வேலைநாள் காலையும் ஒரு சனிக்கிழமை மாலையும் தெருவில் நின்று, எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். கடைக்கு வருகிறவரின் ஸ்கூட்டர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும், காலையில் நிறுத்திய கார் சாயங்காலம் வரை அசையாது. வியாபாரத்தைக் கெடுப்பது எது என்று அந்தத் தாளைப் பார்த்தாலே கடைக்காரர்களுக்குப் புரியும்.

அடுத்தது லோடு. டாடா ஏஸ் வந்து அரிசி மூட்டை இறக்க இடம் ஒதுக்காவிட்டால் அது சைக்கிள் பாதையில்தான் நிற்கும், சைக்கிளில் வருகிறவர் திடீரென்று பஸ்ஸுக்கு முன்னால் ஒடிக்க வேண்டியிருக்கும். பாதையே இல்லாமல் இருப்பதைவிட இது ஆபத்து. எனவே லோடு இறக்கும் இடமும் நேரமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

சாலை அகலமாக இருந்தால் நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் பாதை, அதற்கு வெளிப்பக்கம் பார்க்கிங் என்று வைக்கலாம், அப்போது பார்க்கிங் முழுசாகப் போகாது. ஆனால் நடுவில் முக்கால் மீட்டராவது சும்மா விட வேண்டும், யாராவது கார் கதவைப் படக்கென்று திறந்தால் ஹேண்டில்பாரில் அடிக்கும். பாதையின் அகலம் இரண்டு மீட்டர் இருந்தால் நல்லது. அப்புறம், ஓரத்தில் இருக்கும் மழைநீர் வடிகால் மூடிகளைக் குனிந்து பாருங்கள். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும், பாதை திறக்கும் முன்பே அவற்றை மாற்றியாக வேண்டும்.

நம் ஊரிலேயே 2020-இல் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து லௌரி (Lowry) ஜங்ஷன் வரை சுமார் 17 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு பாதை போட்டார்கள், நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககத்தின் திட்டம் அது. பாதையைப் பிரிக்க நட்ட கம்பங்கள் உடைந்தன, இடைவெளி வழியாக மோட்டார் பைக்குகள் நுழைந்தன, பிறகு மெட்ரோ வேலை வந்ததும் பாதையே போய்விட்டது. சைக்கிள் ஓட்ட ஆளில்லை என்று அதை வைத்துச் சொல்வது தவறு என்பேன். உடைந்த கம்பத்தை மறுநாளே யார் நடுவார் என்பதற்குப் பதில் இருந்தால்தான் எந்தச் சோதனையும் சோதனையாகும். உங்கள் தெருவுக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் அதிகாரி யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி வாகனங்களுக்குப் போடும் தடை ஒரு மாதத்துக்குள் முடிந்தால் உள்ளூரில் அறிவித்தாலே போதும், அதைத் தாண்டினால் அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். உங்களுடையது மூன்று மாதம். அறிவிக்கை இல்லாமல் போட்டால், உள்ளே வரும் பைக்குக்கு டிராஃபிக் போலீஸ் அபராதம் போடும்போது கேள்வி எழும்.

கூட்டத்தில் "வேண்டுமா, வேண்டாமா" என்று கை தூக்கச் சொன்னால் விடாதீர்கள். எதை எண்ணப் போகிறோம், எந்த எண்ணிக்கை வந்தால் பாதை தொடரும், எது வந்தால் எடுப்பார்கள் என்பதை முதல் கம்பம் நடுவதற்கு முன்பே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பாதை வருவதற்கு முந்தைய வாரத்திலும் எண்ணியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. தெருவில் எண்ணப் போகும்போது மாமனாரையும் கூட்டிப் போங்கள், எந்த வண்டி யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.