முதல் இரண்டு வாரம் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்: கொள்ளைநோய்க்கு ஓர் ஊராட்சியின் ஆயத்தம்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். கொள்ளைநோயைச் சமாளிப்பதும் தேசப் பாதுகாப்புதான் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். டெல்லியும் கோட்டையும் செய்ய வேண்டியது இருக்கட்டும். மூவாயிரம் பேர் வாழும் எங்கள் ஊராட்சி முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? பெரிய நிதி கிடையாது.

பதில்: புயலோ வெள்ளமோ வந்தால் பாதிப்பு சில மாவட்டங்களோடு நின்றுவிடும். மற்ற மாவட்டங்களிலிருந்து மின்கம்பங்களும் ஆட்களும் லாரிகளில் வந்து இறங்குவார்கள். அரசின் பேரிடர்த் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வழக்கத்தை நம்பியே இருக்கின்றன. கொள்ளைநோயில் அது நடக்காது. எல்லா மாவட்டமும் ஒரே சமயத்தில் படுத்துவிடும். எல்லாரும் ஒரே பொருளுக்கு அலைவார்கள். தேசப் பாதுகாப்போடு இது சேர்வது இந்த இடத்தில்தான். 2020 மார்ச் இறுதியிலிருந்து அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பல் குவாம் துறைமுகத்தில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான மாலுமிகளுக்குக் கொரோனா தொற்று. அதே மாதம் இந்தியா, பாரசிட்டமால் உட்பட 26 மருந்துகள் மற்றும் மூலப்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இறக்குமதியாகும் மருந்து மூலப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்ததே காரணம். அந்த ஜூனிலேயே அதே சீனாவோடு எல்லையில் கல்வான் மோதலும் வந்தது.

ஆகவே உங்கள் திட்டத்தை ஒரே அனுமானத்தின் மேல் எழுதுங்கள்: முதல் இரண்டு வாரம் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அப்படி எழுதத் தொடங்கினால் செலவு பிடிக்கும் வேலைகள் குறைவு என்பது தெரியும்.

முதலில் ஆட்களைப் பாருங்கள். ஊராட்சியில் பல வேலைகள் ஒற்றை ஆளை நம்பி ஓடுகின்றன. அதில் மிக ஆபத்தானது குடிநீர். டேங்க் ஆபரேட்டருக்குத் தொற்று வந்து வீட்டோடு இருந்துவிட்டால், எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்று திறக்க வேண்டும், எந்த மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டினால் தொட்டி நிரம்பும் என்பதெல்லாம் அவர் மனசுக்குள்தான் இருக்கும். அவரோடு ஒரு நாள் நடந்து வால்வுகளுக்குப் பெயின்டில் எண் போடுங்கள். ஒரு தாளில் வரைபடம் எழுதி மோட்டார் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வேறு தெருவைச் சேர்ந்த இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் சேர்ந்தே நோயில் விழுவார்கள். தூய்மைக் காவலர்களுக்கும் ரேஷன் கடைக்கும் இதே முறைதான்.

அந்த மாற்று ஆட்களுக்கு பிளீச்சிங் பவுடர் அளவும் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம்; 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர் திறக்கலாம். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கதவுப்பிடி, கழிப்பறை துடைக்க ஒரு சதவீதக் கரைசல் போதும்: லிட்டருக்கு 30 கிராம். மூட்டையைத் திறந்து வைத்தால் பவுடரின் வீரியம் வேகமாக இறங்கும். ஆகவே ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஆட்கள் மேல் மருந்து தெளிப்பது கேடு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. டிராக்டரில் தெருத் தெருவாகத் தெளிப்பது பார்க்கத் தெம்பாக இருக்கும், பலன் கிடையாது. அந்தப் பணத்தைக் குடிநீருக்கு வையுங்கள்.

அடுத்தது தகவல். ஓர் ஊராட்சி நாட்டுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம். 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்யும் சந்தேகக் காய்ச்சல் கணக்குதான் அதன் அடித்தட்டு. ஆனால் அவர் கண்ணில் படாத சேதிகள் ஊருக்குள் ஓடும். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் ஒரே மாதிரிக் காய்ச்சல், மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வழக்கத்தைவிட வேகமாகத் தீர்வது, அடுத்தடுத்து இழவு விழுவது, கோழியோ காக்கையோ கூட்டமாகச் செத்துக் கிடப்பது. இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்கோ வட்டார மருத்துவ அலுவலருக்கோ சொல்லுங்கள். பறவை, கால்நடை என்றால் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். செத்த பறவையை வெறுங்கையால் தொட விடாதீர்கள். நோயா இல்லையா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை அல்ல. ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று இரண்டு நாள் பொறுப்பதில்தான் தொற்று சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடுகிறது.

பட்டியல்களில் ஒன்று ஏற்கெனவே பாதி தயார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளின் விவரம் இருக்கிறது. அதோடு டயாலிசிஸ் செய்பவர்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தனியே இருக்கும் முதியவர்களைச் செவிலியரோடு உட்கார்ந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் தொற்றே வராதவர்களும் மருந்து தீர்ந்து மோசமானார்கள் என்பது எல்லா ஊரும் பார்த்தது. டயாலிசிஸ்காரர்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை வண்டி வேண்டும். எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். இந்தப் பட்டியல் உங்கள் மேசை டிராயருக்குள் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டாம்.

ஆக்சிஜன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் தட்டுப்பாடு வந்தபோது மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்தும் உச்ச நீதிமன்ற அனுமதியோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையிலிருந்தும் திரவ ஆக்சிஜன் எடுக்க வேண்டிவந்தது. கணக்கைப் பார்த்தால் ஏனென்று விளங்கும். ஆளுயர டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 23 மணி நேரம் வரும். பை வைத்த முகமூடியில் 15 லிட்டர் போனால் எட்டு மணி நேரம்கூட வராது. அதிவேக மூக்குக்குழாயில் 60 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. வீட்டுக்கு ஒரு சிலிண்டர் பதுக்கினால் மருத்துவமனை திணறுவது இதனால்தான்.

ஊராட்சிக்குச் சிலிண்டர் வேண்டாம். விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு மூன்று போதும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும் அளவு தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் ஒரு நிமிடம் நிலையாக நின்றபின் எழுதுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் 108-ஐ அழையுங்கள். எண் சரியாக இருந்தும் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளே கசிந்து கருவியைக் கெடுத்துவிடும்.

2021 தட்டுப்பாட்டின்போது நன்கொடையாக வந்த, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூலையில் நிற்கிறதா என்று விசாரியுங்கள். சும்மா நின்றால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைக்க உள்ளிருக்கும் ஜியோலைட் என்ற தாதுமணிகள் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு இயந்திரம் ஓடும், காற்று வரும், ஆக்சிஜன் சதவீதம் மட்டும் குறைந்திருக்கும். மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டி, பின்பக்க ஃபில்டரைத் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டச் சொல்லுங்கள். குறைந்த தூய்மைக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நாள் அன்றுதான். மின்சாரம் போனால் அது நின்றுவிடும், ஜெனரேட்டர் இணைப்பையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

வெளிமாநிலங்களில் முறுக்கு, மிக்சர் தொழிலுக்குப் போனவர்கள் உங்கள் பகுதியில் நிறைய. ஊரடங்கு என்றதும் திரும்பி வருவார்கள், வரத்தான் வேண்டும். முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை மறிக்க ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆம்புலன்ஸும் அதே பாதையில்தான் வர வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி அந்த அதிகாரம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் இருக்கிறது. மறிப்பதற்குப் பதில் தங்க வைக்க இடம் பாருங்கள். இரு பக்கமும் ஜன்னல் திறக்கும் பள்ளி வகுப்பறை, ஏசி போட்ட கல்யாண மண்டபத்தைவிட நல்லது. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சந்தைக்கும் மாற்று மைதானம் ஒன்றைக் குறித்து வையுங்கள். 2020 ஜூனில் மதுரை அருகே பரவை காய்கறிச் சந்தையில் தொற்று பரவி அதை மூட வேண்டிவந்தபோது விவசாயிகளும் சேர்ந்து முடங்கினார்கள். மாற்று இடம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் வெண்டைக்காய் வயலில் முற்றாது.

இதையெல்லாம் கிராம சபையில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அடுத்தவர் கையில் இருக்கும். வருடத்தில் ஒரு நாள், ஐப்பசி மழைக்கு முன்பாக, டேங்க் ஆபரேட்டருக்கு விடுமுறை கொடுத்து மாற்று ஆளை வைத்து ஊருக்குத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு வரவில்லையோ அந்த வால்வைத் தாளில் திருத்துங்கள்.