பீட்டில்ஸ் போன பிறகு மகரிஷி மகேஷ் யோகி விட்டுச்சென்றது என்ன?

தியானம் கற்க வந்த இங்கிலாந்து ராக் இசைக்குழு பீட்டில்ஸ் கிளம்பியதோடு, தியான குரு மகரிஷியின் கதை முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

1968-இல் மகரிஷியின் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் பீட்டில்ஸ் கையில் இருந்தது அகூஸ்டிக் (மின்சாரம் வேண்டாத) கிட்டார்தான். விரல்களால் தந்தியை மீட்டும் முறையை பாடகர் டோனவன் அங்கேதான் பீட்டில்ஸின் ஜான் லெனனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த பீட்டில்ஸின் இரட்டை ஆல்பத்தில் அந்த விரல் நடையைத் தெளிவாகக் கேட்கலாம். அதன் பாடல்கள் பலவும் ரிஷிகேஷில் பிறந்தவை.

லெனன் கோபத்தோடுதான் கிளம்பினார், சரி. ஆனால் தியானம் நிற்கவில்லை. மகரிஷி மறைந்த மறுவருடம், 2009-இல், பீட்டில்ஸின் பாலும் ரிங்கோவும் நியூயார்க்கில் ஒரே மேடை ஏறினார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு மகரிஷியின் ஆழ்நிலை தியானம் கற்றுத்தர நிதி திரட்டுவதற்காக. என்னைக் கேட்டால், பாடல்களைவிட இதுதான் பெரிய சொத்து.

அப்புறம் அந்த ஆசிரமம்: காடு மூடிக் கிடந்த கூழாங்கல் குடில்களை 2015 முதல் யாரும் போய்ப் பார்க்கலாம்.