துப்பாக்கியை மாத்தாதீங்கோ, ஸ்கோப்பைப் பாருங்கோ

பிழை ஸ்கோப்பில்தான், அதாவது துப்பாக்கிக்கு மேல பூட்டுற குறிபார்க்கிற தூரக்கண்ணாடியில. டார்வினில மச்சான்ட .375 ரைபிளால சுட்டு, உதைப்பில ஸ்கோப் அடிச்சுப் புருவம் வெட்டுப்பட்டதால, சின்னத் தோட்டா போடுற .308 எடுக்கலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். வேண்டாம். .375 எச் அன்ட் எச் (ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட்) 1912இல வந்தது, தண்ணி எருமைக்கு அளவான தோட்டா. சின்னதுக்கு இறங்கினால் காயப்பட்டு ஓடுற மிருகம்தான் பாவம்.

அந்த 3-9 ஸ்கோப்பை (3 மடங்கில இருந்து 9 மடங்கு வரை பெருப்பிச்சுக் காட்டுறது) பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருப்பினம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில 9, 10 சென்ரிமீற்றராவது வேணும். பவரைக் கூட்டினால் அந்த இடைவெளி பெரும்பாலும் குறையும். புருவத்தில பிறை மாதிரி வெட்டு விழுறது இதாலதான்.

கொழும்பில இருந்து போய் இறங்கினதும் இதைச் செய்து பாருங்கோ. தோட்டா இல்லை எண்டு இரண்டு தரம் பாருங்கோ. கண்ணை மூடி, நிண்டபடி தோளில வைச்சு, பிறகு திறவுங்கோ. தலையை அசைக்காமலே படம் முழுசாத் தெரியவேணும். ஓரத்தில கறுப்பு நிழல் விழுந்தால் ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற வளையங்களைத் தளர்த்தி அதை முன்னுக்கு நகர்த்துங்கோ. இடம் போதாட்டி 1-4 ஸ்கோப் போடுங்கோ. பத்தைக் காட்டுக்கு அதுதான் நல்லம்.

ஸ்கோப்பை அசைச்சால் குறியும் மாறும், 50 மீற்றரில திரும்பச் சுட்டுச் சரிப்படுத்தாமல் வேட்டைக்குப் போகாதீங்கோ. திரும்பி வரேக்க பையின்ர மூலையெல்லாம் தட்டிப் பாருங்கோ, வெறும் தோட்டாக்கூடு ஒண்டுகூடக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரக்கூடாது.