பரேசியை ஏன் விட்டீர்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெனால்டி ஷூட்அவுட் பற்றி எழுதியபோது, 1994 கால்பந்து உலகக்கோப்பை இறுதியில் இத்தாலியின் ராபர்த்தோ பாஜியோ பந்தை வானத்துக்கு அடித்ததைச் சொல்லியிருந்தீர்கள். என் மாமா அதைப் படித்துவிட்டு, "அன்னைக்கு முதல்ல மேலே தூக்கி அடிச்சது பரேசி. அவனை ஏன் விட்டுட்டார்? மூணு வாரம் முன்னாடி முட்டியில ஆபரேஷன் ஆன ஆளு" என்றார். உண்மையா? இத்தாலி டிஃபெண்டர் என்றால் சட்டையைப் பிடித்து இழுப்பார், காலை வாருவார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொன்று. என் மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி கால்பந்து அணியில் பேக், அதாவது தடுப்பாட்டக்காரி. கோல் அடிப்பவளுக்குத்தான் கைதட்டல் என்று சலித்துக்கொள்கிறாள். அவளுக்குக் காட்ட நல்ல ஆட்டம் ஏதாவது உண்டா?

எஸ்.கே.

*

அன்புள்ள எஸ்.கே.,

மாமா சொன்னது சரி. பாஜியோவின் குனிந்த தலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, நானும் அதையே எழுதிவிட்டுப் போய்விட்டேன். அன்று இத்தாலியின் முதல் பெனால்டியை அடித்தவர் ஃபிராங்கோ பரேசி. அதுவும் மேல்கம்பத்துக்கு மேலேதான் போனது.

அந்தக் காயம் ஜூன் 23 அன்று, நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் பட்டது. முட்டியில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு. அவருக்கு அப்போது 34 வயது. உலகக்கோப்பை முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஜூலை 17 அன்று பாசடீனா மைதானத்தில் கேப்டனாக இறங்கினார். காயத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் நடுவே 24 நாள். ஐரோப்பிய டிவி நேரத்துக்காக நண்பகல் 12.30க்கு, கொளுத்தும் வெயிலில் வைத்த ஆட்டம். எதிரே பிரேசிலின் ரொமாரியோவும் பெபெட்டோவும். 120 நிமிடம் அவர்களால் ஒரு கோல் போட முடியவில்லை. இத்தாலியும் போடவில்லை, அதனால்தான் பெனால்டி ஷூட்அவுட். கடைசியில் பரேசிக்குத் தசைப்பிடிப்பே வந்துவிட்டது. அந்தக் கால்களோடுதான் பெனால்டி அடிக்கப் போனார். அடித்துவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தார்.

சரி, காலை வாரும் விஷயத்துக்கு வருகிறேன். பரேசி ஒன்றும் சுத்த சைவம் இல்லை. அதே 1994 மே மாதம் ஏதென்ஸில் அவருடைய கிளப்பான ஏசி மிலன் பார்சிலோனாவை 4-0 என்று நசுக்கிய ஐரோப்பியக் கோப்பை இறுதியில், தடை காரணமாக அவர் ஆடவே இல்லை. ஆனால் அவருடைய ஆட்டம் அடிதடியில் நின்றதில்லை. உயரம் 176 செ.மீ.தான். பிரெஷியா பக்கத்தில் திராவாலியாத்தோ என்ற ஊர். அண்ணன் ஜுசெப்பேவை இன்டர் மிலன் சேர்த்துக்கொண்டது. தம்பியைப் பொடியன் என்று திருப்பி அனுப்பியது. தம்பி அதே நகரத்தின் ஏசி மிலனுக்குப் போனார். 1978 ஏப்ரலில், 18 வயது முடியும் முன்பே இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆ லீகில் முதல் ஆட்டம். அப்புறம் 1997இல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப்பே கிடையாது.

அது சொகுசான இருபது வருடம் என்று நினைத்துவிட வேண்டாம். 1980இல் சூதாட்ட ஊழலில் சிக்கிய மிலனை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். மேலே வந்த கையோடு 1982இல் மறுபடியும் இறங்கியது. இந்த முறை ஊழல் இல்லை, மோசமாக ஆடித் தோற்றுத்தான். அதே வருடம் இத்தாலி உலகக்கோப்பையை வென்றது. அணியில் பரேசியும் இருந்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 22 வயது, கழுத்தில் உலகக்கோப்பைப் பதக்கம், சொந்தக் கிளப்போ இரண்டாம் டிவிஷனில். கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தார். அவரையே கேப்டனாக்கினார்கள்.

1987இல் அரிகோ சாக்கி மிலனுக்குப் பயிற்சியாளராக வந்ததும்தான் நமக்குத் தெரிந்த பரேசி உருவானார். அதுவரை அவர் லிபரோ: மற்ற பேக்குகள் ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஓட, எல்லோருக்கும் பின்னால் நின்று மிச்சத்தைத் துடைக்கிறவர். சாக்கி அதை ஒழித்தார். தாசோத்தி, கோஸ்தாகுர்த்தா, பரேசி, மால்தினி நால்வரும் ஒரே கோட்டில். கோடு முன்னேறினால், அதைத் தாண்டி நிற்கும் எதிராளி பந்து வரும்போது ஆஃப்சைடு என்ற தவறில் மாட்டுவார். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் கோல். எப்போது ஏறுவது என்று முடிவு செய்கிறவர் பரேசி. நால்வரும் ஏறியதும் அவர் கை உயரும், லைன்ஸ்மேனின் கொடி அதற்குப் பிறகு உயரும்.

சாக்கி பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. பயிற்சியில் இந்த நால்வரையும் கோல்கீப்பரையும் ஒரு பக்கம் நிறுத்தி, எதிரே மிலனின் டச்சு நட்சத்திரங்கள் குல்லிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேரை விட்டாராம். கால் மணி நேரம் தருகிறேன், கோல் போடுங்கள் என்று. பந்தை இழந்தால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒருமுறைகூட அவர்களால் போட முடியவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த 1987-88 சீசனில் 30 ஆட்டத்தில் மிலன் வாங்கியது 14 கோல். 1993-94இல் 34 ஆட்டத்தில் 15. அடித்ததே 36தான், ஆனாலும் சாம்பியன். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான 1989இன் பாலோன் தோர் விருதில் வான் பாஸ்டனுக்கு அடுத்து இரண்டாம் இடம் பரேசிக்கு. அவர் ஓய்வு பெற்றதும் 6ஆம் எண் சட்டையை யாருக்கும் தருவதில்லை என்று மிலன் முடிவு செய்தது.

மகளுக்கு அந்தப் பாசடீனா ஆட்டத்தையே காட்டுங்கள். கோலே இல்லாத ஆட்டம், முதலில் கொட்டாவி விடுவாள். பந்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பந்து பிரேசிலிடம் இருக்கும்போதெல்லாம் நீலச் சட்டை 6ஆம் எண் எங்கே நிற்கிறார், பந்து வரும் முன்பே எந்தப் பக்கம் நகர்கிறார் என்று மட்டும் பார்க்கட்டும். முட்டி ஆபரேஷன் விஷயத்தை ஆட்டம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.